விரல் மடங்காத காலை: மார்பகப் புற்றுநோய் மாத்திரையும் மென்மையான யோகப் பயிற்சியும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை, கீமோ எனப்படும் வேதிமருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் முடிந்து ஒரு பெண் வீடு திரும்பும் நாளில், நோய் தீர்ந்துவிட்டது என்று சுற்றத்தார் நினைப்பது இயல்பே என்றாலும், பல பெண்களுக்குச் சிகிச்சையின் மிக நீண்ட பகுதி அன்றுதான் தொடங்குகிறது. நாளுக்கு ஒரு மாத்திரை என ஐந்து ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேலாகப் பத்து ஆண்டுகள் வரை, தொடர்ந்து உட்கொள்ள வேண்டிய ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை அது. காவிரிப் படுகையிலுள்ள சீர்காழி வட்டாரத்துப் பெண்கள் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ சென்று முதற்கட்டச் சிகிச்சைகளைப் பெற முடியும். இந்த மாத்திரைக் காலத்தை மட்டும் அவர்கள் கொள்ளிடக்கரையிலும் திருமுல்லைவாசல் கடற்கரையிலும் வைத்தீஸ்வரன்கோயில் தெருக்களிலும் உள்ள தங்கள் வீடுகளில், மருத்துவரின் கண்ணுக்கு எட்டாத தொலைவில்தான் கழித்தாக வேண்டும். அந்தத் தொலைவில்தான் மூட்டுவலி வந்து சேர்கிறது.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, மாத்திரை என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மார்பகப் புற்றுக்கட்டிகளில் ஒரு பெரும் பகுதி, பெண்மைக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைத் தம் செல்களில் கொண்டிருக்கின்றன. இத்தகைய கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் உரம் போன்றது. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாலும், கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நொதியின் வேலையைத் தடுப்பவையே அரோமடேஸ் தடுப்பு மருந்துகள். மருந்துச் சீட்டில் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம், எக்செமெஸ்டேன் 25 மில்லிகிராம் என்று எழுதப்படுபவை இவைதாம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு வழக்கமாகத் தரப்படும் டமாக்சிஃபென் இவற்றிலிருந்து வேறானது. அது ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைத் தடுப்பதில்லை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் சென்று அமர்வதையே தடுக்கிறது.

அரோமடேஸ் தடுப்பு மருந்தால் உடலில் எஞ்சியிருந்த சிறிதளவு ஈஸ்ட்ரோஜனும் வற்றிவிடுகிறது. கட்டிக்கு உரம் கிடைக்காமற் போவது நன்மையே. ஆனால் எலும்பு, மூட்டு உறை, தசைநாண் ஆகியவையும் அதே ஹார்மோனை நம்பியிருப்பவை. ஆகவே மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் பலருக்குக் காலையில் எழுந்தவுடன் கைவிரல்கள் மடங்க மறுக்கின்றன. மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், தோள், இடுப்பு என்று வலி பரவுகிறது. சிலருக்கு மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு வெடுக்கென்று நிமிர்கிறது. தரையிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. துணி பிழிய முடிவதில்லை. எவர்சில்வர் டப்பாவின் மூடி திறப்பதில்லை. கோலப்பொடியை விரலிடுக்கில் பிடித்து இழை இழுக்க முடிவதில்லை. மருத்துவ நூல்கள் இரண்டு சொற்களில் முடித்துவிடும் இந்த வலி, ஒரு வீட்டின் விடியலையே மாற்றிவிடுகிறது என்பதை அந்த வீட்டார்கூடப் பல நேரம் கவனிப்பதில்லை.

இது அரிதாக நேர்வதன்று. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இம்மருந்துகளை உட்கொண்ட பெண்களில் 47 விழுக்காட்டினர் மூட்டுவலியையும் 44 விழுக்காட்டினர் மூட்டு இறுக்கத்தையும் தெரிவித்தனர். வலியால் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. அப்படி நிறுத்துவதால் இழப்பது என்ன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய 32,000 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, ஐந்தாண்டு அரோமடேஸ் தடுப்புச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சையே இல்லாத நிலையோடு ஒப்பிடுகையில், பத்தாண்டுகளில் மார்பகப் புற்றால் நேரும் இறப்பை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கிறது என்று கணித்தது. எனவே விரல் மூட்டில் தொடங்கும் இந்த வலியைச் சிறு தொந்தரவு என்று ஒதுக்குவதற்கில்லை. உயிர்காக்கும் மருந்தைக் கையிலிருந்து நழுவச் செய்யும் வலி அது.

காவிரிப் படுகையில் இந்த வலிக்கு ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன. வாயு, வாதம், குடைச்சல் என்பார்கள். வயதானால் வருவதுதானே என்பார்கள். மாத்திரை சூட்டைக் கிளப்பிவிட்டது, நாலு நாள் நிறுத்திப் பார் என்று அறிவுரை சொல்வோரும் உண்டு. கடைசியாகச் சொன்னது ஒருவகையில் பாதி உண்மை, ஏனெனில் காரணம் மாத்திரையேதான். ஆனால் நிறுத்துவதா, வேறொரு மருந்துக்கு மாற்றுவதா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவருக்கு எக்செமெஸ்டேன் ஒத்துக்கொள்ளலாம், டமாக்சிஃபெனுக்கு மாற்றலாம், வலியைத் தணிக்கும் மருந்தும் தரலாம். இவை எல்லாம் மருத்துவருக்குத் தெரிந்த வழிகள். வலி இருக்கிறது என்பதையே அவரிடம் சொல்லாமல், சீட்டில் எழுதிய மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்கும் மௌனம்தான் ஆபத்தானது.

வலி வந்தால் அசையாமல் கிடப்பதே உடலின் முதல் உந்துதல். அடிபட்ட காலுக்கு அது சரி, இந்த மூட்டுகளுக்குச் சரியன்று. மூட்டின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய்கள் இல்லை. மூட்டை அசைக்கும்போது அது அழுந்தி விடுபடுவதாலேயே, சுற்றியுள்ள மசகு நீரிலிருந்து ஊட்டம் அதற்குள் ஊறுகிறது. அசைவு நின்றால் அந்த ஊட்டமும் குறைகிறது, மூட்டைத் தாங்கும் தசை மெலிகிறது, மெலிந்த தசையால் மூட்டின் சுமை கூடுகிறது, சுமையால் வலி கூடுகிறது, வலியால் அசைவு இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

இந்த இடத்தில் நெல் விளையும் மண்ணுக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துப் பழகிய பெண்ணுக்கு, மேட்டூர் அணை திறந்தது முதல் தை அறுவடை வரை குனிந்த முதுகு நிமிராதவருக்கு, உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று எதற்கு? வயல் வேலையும் வீட்டு வேலையும் போதாதா? போதாது என்பதே விடை. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நடவு என்பது இடுப்பிலிருந்து மடங்கிய ஒரே நிலையில், சேற்றில் கால் புதைய, ஒரே கையசைவை ஆயிரக்கணக்கான முறை மணிக்கணக்கில் செய்வது. அதன் வேகத்தை அவளுடைய மூட்டு தீர்மானிப்பதில்லை. வரிசையில் நிற்கும் மற்றவர்களின் வேகமும் அன்றைய கூலியுமே தீர்மானிக்கின்றன. வலித்தால் நிறுத்தும் உரிமை அங்கே இல்லை, மூச்சைக் கவனிக்க நேரமும் இல்லை. மென்மையான பயிற்சியில் ஒவ்வொரு மூட்டும் அதற்கு இயன்ற எல்லை வரை மெதுவாகச் சென்று, வலிக்கும் முன்னரே திரும்பிவருகிறது. எல்லாத் திசைகளிலும் அசைகிறது. அசைவோடு மூச்சு இணைகிறது. வேலை உடலிடமிருந்து வாங்குகிறது, பயிற்சியோ உடலுக்குக் கொடுக்கிறது. காலமெல்லாம் உழைத்த உடலுக்குப் பயிற்சி தேவையில்லை என்ற எண்ணத்தால் கிராமத்துப் பெண்கள் இந்தச் சிகிச்சையின் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுவது பெரும் அநீதி.

உடலசைவு, மூச்சு, கவனம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பயிற்றும் முறைகளை மனவுடல் பயிற்சிகள் என்று மருத்துவ உலகம் வகைப்படுத்துகிறது. யோகமும் சீனத்துத் தாய் சியும் இவ்வகையில் முதன்மையானவை. இவற்றில் யோகம் சீர்காழிக்கு அந்நியமானதன்று. எட்டு உறுப்புகள் கொண்ட யோகத்தைத் தன் மூன்றாம் தந்திரத்தில் விரிவாகப் பேசும் திருமந்திரத்தைத் திருமூலர் இயற்றியதாக மரபு குறிப்பிடும் திருவாவடுதுறை, சீர்காழி அமைந்துள்ள அதே மயிலாடுதுறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. எனினும் பழமை ஒன்றே ஒரு பயிற்சியை மருந்தாக்கிவிடாது. அது சோதித்துப் பார்க்கப்பட வேண்டும், சோதிக்கப்பட்டும் வருகிறது.

இந்தக் குறிப்பிட்ட மூட்டுவலிக்கான தொடக்க ஆய்வுகள் மிகச் சிறியவை. அமெரிக்காவில் 10 பெண்கள் வாரம் இருமுறை எட்டு வாரம் யோகம் பயின்ற ஓர் ஆய்வில் அவர்களுடைய உடற்சமநிலையும் வளையும் தன்மையும் மேம்பட்டன. 12 பெண்களைக் கொண்ட தாய் சி ஆய்வொன்று, இத்தகைய பயிற்சியை இவர்களுக்கு அளிப்பது இயலக்கூடியதே என்று காட்டியது. பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டு உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது. பின்னர் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தார், புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 410 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் தரவுகளிலிருந்து, ஹார்மோன் மாத்திரை உட்கொண்ட 167 பெண்களை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 75 நிமிடம், நான்கு வாரம் மென்மையான ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவற்றைச் செய்தவர்களுக்கு, வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட உடல்வலியும் தசைவலியும் குறைந்திருந்தன. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 200 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வார யோகம் முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின் சோர்வும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சில புரதங்களும் குறைந்திருந்தன.

யோகம் அல்லாத வழக்கமான உடற்பயிற்சியை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது நேர்மை. மூட்டுவலியால் அவதியுற்ற 121 பெண்களில் ஒரு பாதியினர் வாரத்துக்கு 150 நிமிடம் விரைநடை போன்ற பயிற்சியும், இருமுறை தசைவலுப் பயிற்சியும் ஓராண்டு செய்தனர்; அவர்களுடைய கடுமையான வலியின் அளவு 29 விழுக்காடு குறைந்தது, பயிற்சி செய்யாதவர்களுக்கோ 3 விழுக்காடு கூடியது. மாத்திரை தந்த வலியை அசைவால் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் வல்லுநர்கள் 2022இல் வெளியிட்ட வலி நீக்க வழிகாட்டி, இவ்வகை மூட்டுவலிக்கு ஊசிகுத்தல் முறையான அக்குபங்சருக்கு முதலிடம் தந்து, யோகத்தையும் அளிக்கலாம் என்று கூறியது. ஆனால் யோகத்துக்கான சான்று இன்னும் வலுவடைய வேண்டும் என்றே அது மதிப்பிட்டது. அளந்து பேசும் இந்த மதிப்பீட்டை யோக ஆர்வலர்கள் வரவேற்க வேண்டும். யோகம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று மேடையில் முழங்குவோரால் யோகத்துக்கும் நன்மையில்லை, நோயாளிக்கும் நன்மையில்லை.

இந்திய நிறுவனங்கள் இத்துறையில் பின்தங்கியவை அல்ல. பெங்களூரின் விவேகானந்த யோக ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 88 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை 2009இல் வெளியிட்டனர். அதே நிறுவனத்தின் துணையோடு வகுத்த பயிற்சியைத்தான் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 191 பெண்களிடம் சோதித்து 2014இல் வெளியிட்டது. புதுச்சேரி ஜிப்மரில் 2008 முதல் யோக மருத்துவத்துக்கென்றே ஒரு மையம் இயங்கிவந்திருக்கிறது. சிகிச்சைக்காகச் சீர்காழியிலிருந்து வடக்கே பேருந்தேறும் பெண்ணுக்கு, புற்றுநோய்ப் பிரிவும் யோக மருத்துவமும் ஒரே வளாகத்தில் கிடைக்க வழியுண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மென்மையான யோகம் என்றதும் தலைகீழாக நிற்பதையோ, காலைக் கழுத்தில் போட்டுக்கொள்வதையோ நினைக்க வேண்டியதில்லை. சென்னையில் 1976இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் வலியுறுத்திவரும் அடிப்படை, யோகத்துக்காக ஆளை வளைக்காமல் ஆளுக்கு ஏற்ப யோகத்தை அமைக்க வேண்டும் என்பது. ஹார்மோன் மாத்திரை உண்ணும் பெண்ணுக்கு இந்த அடிப்படை மிகவும் பொருந்தும். பயிற்சி, முதுகு சாயக்கூடிய ஒரு நாற்காலியிலேயே தொடங்கலாம். விடியலில் விரல்கள் இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் கைகளை வைத்திருந்து, பின் மூச்சை உள்ளிழுக்கும்போது விரல்களை விரித்து, விடும்போது மெல்ல மடக்கிப் பத்து முறை செய்யலாம். மணிக்கட்டை இருபுறமும் சுழற்றுவதும், விரல்நுனிகளைத் தோளில் வைத்து முழங்கையால் வட்டம் போடுவதும், உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டிக் கணுக்காலை முன்னும் பின்னும் அசைப்பதும் அடுத்தடுத்து வரும். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, கையூன்றாமல் அல்லது தேவையானால் ஊன்றி, எழுந்து எழுந்து உட்காருவது தொடைத் தசைக்கு வலுவூட்டி முழங்காலின் சுமையைக் குறைக்கும். சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் தாடாசனமும், மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைச் சிறிதளவே உயர்த்தும் சேதுபந்தமும் உடல் பழகிய பிறகு சேர்க்கத்தக்கவை.

மூச்சும் ஓய்வும் இப்பயிற்சியின் ஒட்டுப்பகுதிகள் அல்ல, சரிபாதி. வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக விடும்போது இதயத்துடிப்பு தணிந்து, அச்சத்தால் இறுகிய தசை தளர்கிறது. மூட்டில் தோன்றும் வலி மூளையில்தான் உணரப்படுகிறது. உறக்கமின்மையும், நோய் திரும்பிவிடுமோ என்ற ஓயாத அச்சமும் அந்த உணர்வைப் பெருக்குகின்றன. மார்பகத்தை இழந்த துயரத்தை யாரிடமும் பேசாத பெண்ணுக்கு, நாற்காலியில் கண்மூடி அமர்ந்து வண்டின் ரீங்காரம்போல் ஒலியெழுப்பும் பிராமரியும், இறுதியில் சவாசனத்தில் கிடக்கும் பத்து நிமிடமும், வலியைத் தணிப்பதோடு அவளுக்கென்று அந்த நாளில் ஒரு நேரத்தையும் உண்டாக்கித் தருகின்றன. அந்த நேரத்தில் வீட்டார் அவளை அழைக்காதிருப்பது சிகிச்சைக்குச் செய்யும் உதவியே ஆகும்.

எச்சரிக்கைகளும் உண்டு, அவற்றை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் பரிந்துரைப்பது தவறு. இம்மருந்துகள் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளாமல் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதும் இடுப்பை வலிந்து முறுக்குவதும் கூடாது. நெற்றி தரையைத் தொட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட கையில் வீக்கம் வரக்கூடும் என்பதால், அந்தக் கையில் முழு உடல் எடையையும் தாங்கும் நிலைகளைத் தவிர்த்துப் படிப்படியாகவே வலுவூட்ட வேண்டும். கை கனத்தாலோ வளையல் இறுகினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். கீமோவால் பாதம் மரத்துப்போனவர்கள் பிடிமானம் இல்லாமல் ஒற்றைக்காலில் நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்தில் நிலைத்து நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி, திடீரெனக் கால் வலுவிழப்பது ஆகியவை மாத்திரையின் மூட்டுவலியாக இல்லாமல் நோய் எலும்புக்குப் பரவியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது யோகப் பாயை விரிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பெயர் தெரியாத வலிப்பொடியும், ஹார்மோன்போல் செயற்படக்கூடிய மூலிகை லேகியமும் மருத்துவரைக் கேளாமல் இந்த மாத்திரையோடு சேரக் கூடாது.

இவ்வளவையும் ஒரு சீர்காழிப் பெண்ணுக்கு யார் கற்றுத்தருவது என்பதே இனி எஞ்சும் கேள்வி. நகரத்து யோக வகுப்பின் கட்டணமும் உடையும் அவளுக்கு ஒத்துவராதவை. ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுசெல்லும் அதே கைகள், ஹார்மோன் மாத்திரை உண்ணும் பெண்களின் பெயர்களையும் தம் பதிவேட்டில் சேர்த்து, நாற்காலிப் பயிற்சி ஒன்றை நேரில் செய்துகாட்டி வந்தால், அதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவைப்படாது. 2022 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சீர்காழி வெள்ளக்காடானது நினைவிருக்கும். அத்தகைய நாட்களில் தொலைதூர மருத்துவமனைக்குப் போவது கனவு. கையிருப்பில் ஒரு மாத மாத்திரையும், உடலுக்குப் பழகிய அரைமணிப் பயிற்சியும் இருந்தால் சிகிச்சை அறுபடாது.

நோய் தீர்க்கும் தெய்வம் என்று நம்பி வைத்தீஸ்வரன்கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து சித்தாமிர்தத் தீர்த்தத்தில் இறங்கும் மண் இது. அந்த நம்பிக்கையும் மருத்துவரின் மாத்திரையும் காலைப் பயிற்சியும் ஒரே வாழ்வில் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்க முடியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ லெட்ரோசோலோ அனஸ்ட்ரோசோலோ உட்கொள்ளும் அம்மாவோ அக்காவோ அத்தையோ இருந்தால், காலையில் விரல் மடங்குகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். மடங்கவில்லை என்றால் அதை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்ல அவருடன் நீங்களும் செல்லுங்கள்.